கெண்டைக்கால் இழுக்கிறது என்று நீ சொன்ன மத்தியானம்

இன்று காலை பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சீட்டோடு நின்றிருந்தார். கடைக்காரர் உள்ளே போய் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்து வைத்தார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மருந்து நிரப்பியே வரும் குட்டி ஊசிகள். தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைக் கிள்ளிப் பிடித்துப் போடுவார்கள், ரத்தம் உறையாமல் இருப்பதற்கு.

"இத ஐஸ்லயா வைக்கணும்?" என்று அவர் கேட்டார்.

"வேண்டாங்க. வெயில் படாம வச்சாப் போதும்."

"வீட்டுல அவங்களுக்கு இடுப்புல ஆபரேசன். எந்திரிக்க விட மாட்டேங்கிறாங்க" என்று பொதுவாகச் சொன்னார்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "காலு ரெண்டும் ஒரே பருமனா இருக்கான்னு தெனம் பாத்துக்கங்க. கெண்டைக்காலு வலிக்குதுன்னா தேச்சு விட்றாதீங்க. ஒடனே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "நீங்க நர்ஸுங்களா?"

"இல்லங்க. டெய்லர்."

தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் என் மாத்திரை அட்டையை நீட்டினார்.

வந்து என் தையல் கடையைத் திறந்து மிஷினில் உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. என் வீட்டுக்காரருக்குப் போன் போடலாம். இந்நேரம் சவூதியில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். எடுத்தாலும், "என்ன, ஒடம்புக்கு முடியலையா?" என்றுதான் முதலில் கேட்பார். கீரமங்கலத்தில் இருக்கும் தம்பியிடம் சொல்கிற விஷயம் இல்லை இது. கடைசியில் உன்னிடம்தான் வந்து நிற்கிறேன். அளவு எழுதும் நோட்டில் பின்பக்கம் நாலைந்து தாள் காலியாக இருக்கிறது. அதில் எழுதுகிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது புதுக்கோட்டைத் தையல் வகுப்பில். நீ ஆவூரிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் கீரமங்கலத்திலிருந்து. இரண்டு பேருக்கு ஒரு மிஷின் என்று பிரித்தபோது நீ எனக்கு வந்து சேர்ந்தாய். உனக்குத் தையல் கடைசிவரை வரவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு இடது கையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாய். டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினார்கள். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். நீ அதை வாங்கி மாட்டிக்கொண்டு, "கை இங்கிட்டு வந்தா சட்டை அங்கிட்டு போகுதுங்க டீச்சர்" என்றாய். டீச்சரே சிரித்துவிட்டார்கள். நான் அன்றைக்குத்தான் உன்னிடம் முதன்முதலாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். அதுவரை நீதான் பேசிக்கொண்டிருந்தாய்.

பிறகு நான் அறந்தாங்கியில் வாழ்க்கைப்பட்டேன். மூன்று வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பார்த்தால் நீ, இடுப்பில் ஜெசியோடு. நீயும் இதே ஊருக்கு, இரண்டு தெரு தள்ளி வந்திருந்தாய். உன் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டினார். உனக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் வேலை கிடைத்தது. மூன்று மணிக்கு வேலையை முடித்துவிட்டு சாம்பார் வாசனையும் புகை வாசனையுமாக நேரே என் கடைக்கு வருவாய். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் தைத்து வைத்திருக்கும் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைத்துத் தருவாய். தையல் வகுப்பில் நீ கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். நான் பேசாமல் தைப்பேன், நீ பேசிக்கொண்டே தைப்பாய். எனக்குப் பிள்ளை இல்லை என்பதைப் பற்றி ஊரில் எல்லோரும் ஒரு தடவையாவது என்னிடம் பேசியிருக்கிறார்கள். நீ பேசியதே இல்லை. ஜெசியை மட்டும், "பெரியம்மாகிட்ட இருடி, வாரேன்" என்று விட்டுவிட்டுப் போய்விடுவாய்.

கொரோனா இரண்டாவது அலையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் கஷாயம் குடித்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் கட்டிலிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் மூச்சு வாங்கியது. விமானம் ஓடாத நேரம். அவர் சவூதியிலிருந்து போனில் அழுதார். தம்பி ஆம்புலன்ஸுக்குச் சொன்னான், ஆனால் அவன் வரவில்லை. அவன் வீட்டில் சின்னப் பிள்ளைகள். நான் அவனைக் குற்றம் சொன்னதில்லை.

ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது தெருவில் ஜன்னல் கதவுகள் மட்டும் திறந்தன. நீ வயர்கூடையோடும் தோளில் துண்டோடும் வந்தாய். பின்னாலேயே உன் வீட்டுக்காரரும் ஜெசியும்.

"கூட ஆள் வந்தே ஆகணுங்களா?" என்று உன் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ்காரரிடம் கேட்டார்.

"கட்டாயம்னு இல்லைங்க. ஒரு ஆள உள்ள விடுறாங்க. இருந்தா நல்லது. நர்ஸுக எத்தனை பேரத்தான் பாப்பாங்க."

ஜெசி உன் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகாதம்மா. பெரியம்மாவ அங்க பாத்துக்குவாங்கம்மா."

"பாத்துக்குவாங்கடி. ஆனா இவ வாயத் தொறந்து தண்ணி வேணும்னு கேக்க மாட்டா. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாய். உன்னை இறங்கச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள், பேச முடியவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையை ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. நீ வர வேண்டும் என்று இருந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அந்தப் பெரிய அறையில் எல்லாக் கட்டிலிலும் ஆள் இருந்தது. டாக்டர், நர்ஸ் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை உடுப்புக்குள் இருந்ததால் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள். என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். நெஞ்சுக்குக் கீழே தலையணை வைப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுவது, மாஸ்க்கை ஒரு நிமிஷம் விலக்கிக் கஞ்சி ஊட்டுவது எல்லாம் உன் வேலை. பக்கத்துக் கட்டிலில் துணைக்கு ஆள் இல்லாத ஒரு பாட்டிக்கும் சேர்த்து ஊட்டினாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதட்டுகிற மாதிரியே எங்கள் இருவரையும் அதட்டினாய்.

மூன்றாம் நாள் அந்தச் சின்ன வயது பெண் டாக்டர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "டி-டைமர் கூடியிருக்கு" என்று நர்ஸிடம் சொன்னார்.

"அப்புடின்னா என்னங்க?" என்று நீ கேட்டாய்.

அவ்வளவு வேலையிலும் அவர் நின்று சொன்னார். "ரத்தம் உறையுதான்னு பாக்குற டெஸ்ட்டும்மா. இந்த நிமோனியா நுரையீரலோட நிக்கிறதில்ல. ரத்தத்தையும் கெட்டியாக்குது. படுத்தே இருக்கவங்களுக்குக் கால் நரம்புல கட்டியா உறைஞ்சு நிக்கும். அது பிச்சுக்கிட்டு மேல போயி நுரையீரல்ல அடைச்சுட்டா மூச்சு நின்னுரும். அதுக்குத்தான் வயித்துல ஊசி போடுறோம். நீங்க ஒண்ணு செய்ங்க. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் இவங்க காலு ரெண்டையும் பாருங்க. ஒரு காலு மட்டும் வீங்குதா, சூடா இருக்கா, கெண்டைக்காலு வலிக்குதுன்னு சொல்றாங்களா. அப்புடி இருந்தா எங்கள்ல யாரையாவது கூப்புடுங்க. அமுக்கி விட்றாதீங்க."

அன்றிலிருந்து நீ இரண்டு வேளையும் போர்வையை விலக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவாய். எனக்குக் கூச்சமாக இருக்கும். நீ என் காலைத் தொடுவதா என்று இழுத்துக்கொள்வேன்.

"நீட்டுடி. ஊரு புள்ளைகளுக்கெல்லாம் மூக்கு தொடச்ச கை இது" என்பாய்.

ஆறாம் நாள் காலை ரொம்ப நேரம் பேசாமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கொலுசைக் கழற்றாமல் இருந்தேன். "வலது கொலுசுல ரெண்டு வெரல் போகுது. எடது கொலுசுல ஒரு வெரல்கூடப் போகல. பதிஞ்சு கெடக்குது" என்றாய். உப்பு நீர் வீக்கமாக இருக்கும் என்று மாஸ்க்குக்குள்ளிருந்து முனகினேன். நீ கேட்கவில்லை. நர்ஸ் மேசைக்கு முன்னால் போய் நின்றாய். அவர்கள் வருகிறோம் என்று சொன்ன பிறகும் நின்றாய். கடைசியில் அந்த டாக்டரே வந்தார். ஸ்கேன் மிஷினைக் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார்கள். இடது தொடை நரம்பில் ரத்தம் உறைந்து நின்றது. ஊசியின் அளவைக் கூட்டினார்கள். கொலுசு கழலவில்லை, ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டுபவரிடம் பிளையர் வாங்கி வெட்டி எடுத்தாய்.

"நல்லவேளை பாத்தீங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அதை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். அதற்கு அடுத்த நாள், எதிர்க் கட்டிலில் இருந்த ஆலங்குடிப் பக்கத்துப் பெண் ஆக்சிஜன் இல்லாமலே உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். முகம் கழுவ எழுந்தவள் இரண்டு எட்டு வைத்து விழுந்தாள். பிறகு எழவில்லை. நீ என் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாய். காலில் உறைந்த ரத்தம் மேலே போய்விட்டது என்று நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள். அதையும் இரண்டு பேரும்தான் கேட்டோம்.

இவ்வளவையும் விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசிக்குப் பதில் மாத்திரை, இடது காலுக்கு இறுக்கமான நீளச் சாக்ஸ். வேனில் வரும்போது நீ இரண்டு தடவை இருமினாய். "தூசி" என்றாய். மூன்றாம் நாள் டெஸ்டில் உனக்கும் கொரோனா இருக்கிறது என்று வந்துவிட்டது. உனக்கு நெஞ்சில் கொஞ்சம்தான் சளி. ஊரில் வைத்திருந்த கொரோனா மையத்தில் ஐந்து நாள் இருந்தாய். ஆக்சிஜன் இறங்கவே இல்லை. மூச்சு முட்டினால் உடனே வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். யார் பார்த்தாலும் அப்படித்தான் அனுப்பியிருப்பார்கள். நீ பின்கட்டு அறையில் படுத்துக்கொண்டாய். ஜெசி உனக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். என்னால் இரண்டு தெரு நடக்க முடியவில்லை. முடிந்திருந்தாலும் அந்த வீட்டில் அப்போது என்னை யாரும் எதிர்பார்க்கவில்லை. தினமும் போனில் பேசினோம். உன்னைப் பற்றிக் கேட்டால் பிடிகொடுக்க மாட்டாய். "ஒங்காலு எப்புடி இருக்கு, அதச் சொல்லு" என்பாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் முதல் தடவையாக மறுபடியும் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். தைத்துக்கொண்டே பேசினேன். பேச்சுக்கு நடுவில் நீ சொன்னாய்.

"ரெண்டு நாளா கெண்டைக்காலு ஒரு மாதிரி இழுத்துப் புடிக்குதுடி. வலது காலு."

"படுத்தே கெடந்தா அப்புடித்தான் இருக்கும். நல்லெண்ணெயச் சூடு பண்ணித் தேச்சுக்க" என்றேன் நான்.

"அதான் நானும் நெனச்சேன்" என்றாய்.

அவ்வளவுதான். வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

இதை நான் எத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன் தெரியுமா. எனக்கு அந்த மூன்று அடையாளமும் மனப்பாடம். நீ என் காலை இரண்டு வேளை பார்த்ததால் உயிரோடு இருக்கிறவள் நான். என் காலில் அந்தச் சாக்ஸ் இருந்தது, அதைப் போட்டுக்கொண்டுதான் பெடலை மிதித்தேன். அப்படியும் எனக்குத் தோன்றவில்லை. நோயாளி நான், பார்த்துக்கொள்கிறவள் நீ என்று என் மனதில் உட்கார்ந்துவிட்டது. உனக்கு ஒன்று வரும் என்று நான் நினைத்ததே இல்லை. இது காரணம்தான், சமாதானம் இல்லை.

மறுநாள் காலை நீ குளித்துவிட்டு வந்து, "மூச்சு முட்டுதுடி" என்று ஜெசியிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப்படியில் உட்கார்ந்தாயாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக உன் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அன்றைக்கே அடக்கம். வெள்ளை உடுப்பு போட்ட நான்கு பேர் உன்னைத் தூக்கினார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டே தெருமுனை வரை வந்து நின்றேன். வண்டி என்னைத் தாண்டிப் போனது. பின்னால் வந்த ஆட்டோவிலிருந்து ஜெசி என்னைப் பார்த்தாள். தெரியாதவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

முப்பதாம் நாள் பூசைக்குக் கோயிலுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முடிந்து வெளியே வரும்போது ஜெசி கேட்டருகில் நின்றாள்.

"எங்கம்மா ஒங்களுக்காகத்தான் போனாங்க. நாங்க வேண்டாம்னு சொன்னோம்" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

போனில் நடந்ததை அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்னோடு வண்டியில் ஏறியது நீயாக எடுத்த முடிவு. அதற்காக என்னைத் திட்டினால் தாங்கிக்கொள்ள முடிந்தது. எண்ணெய் தேய்க்கச் சொன்னது நான். அதைச் சொல்லித் திட்டு வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறு மாதம் கழித்துக் காலைக் காட்டப் புதுக்கோட்டைக்குப் போனேன். அதே டாக்டர். வெள்ளை உடுப்பு இல்லாமல் எனக்கு அடையாளம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் தெரிந்தது. கால் நன்றாக இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார். எழுந்த பிறகு கேட்டேன். "தெரிஞ்சவங்க ஒருத்தங்க. இதே மாதிரி காய்ச்சல் வந்து சரியாகி வீட்டுல இருந்தாங்க. கெண்டைக்காலு வலிக்குதுன்னு எண்ணெய் தேச்சிருக்காங்க. மறுநாள் இறந்துட்டாங்க. தேச்சதாலயா டாக்டர்?"

அவர் சீட்டிலிருந்து நிமிர்ந்தார். "தேய்க்கக் கூடாதுதான். ஆனா தேச்சதாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. தானாவும் பிச்சுக்கிட்டுப் போகும். குளிக்கப் போனாக்கூடப் போகும்."

"அன்னைக்கே இங்க கூட்டி வந்திருந்தா?"

"பொழச்சிருக்கலாம்" என்றார். பிறகு, "ஒங்களுக்கு யாரும்மா அவங்க?" என்று கேட்டார்.

"எனக்குத் துணைக்கு இருந்தாங்கல்ல, அவங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டதால் நான் கிளம்பினேன். அறந்தாங்கிவரை பஸ்ஸில் அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லோடுதான் வந்தேன்.

அதற்குப் பிறகான வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடை திறக்கிறேன், தைக்கிறேன், மூடுகிறேன். கொக்கி தைக்க ஒரு பெண்ணைப் போட்டுப் பார்த்தேன். நல்ல பெண். மூன்று மணிக்கு வந்து உட்காருவாள். இரண்டு வாரத்தில் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது நானே தைக்கிறேன். உன் போன் நம்பரை உன் வீட்டுக்காரர் வைத்திருக்கிறார். ஒரு நாள் கை தவறி அழுத்திவிட்டேன். "அலோ, யாருங்க?" என்றார். அவருக்கு என் நம்பர் தெரிந்திருக்காது. ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். ஜெசி ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவாள். நான் அவளுக்கு எட்டு வயதிலிருந்து பாவாடை தைத்திருக்கிறேன். இப்போது அவள் சுடிதாருக்குத் தோள் சரியாக உட்காராமல் இருப்பதை மட்டும் பார்ப்பேன்.

போன கல்லறைத் திருநாளுக்கும் வந்தேன். வருஷா வருஷம் உன் வீட்டார் ஜெபித்துவிட்டுப் போன பிறகுதான் நான் உள்ளே வருவேன். அன்றும் அப்படித்தான். உன் கல்லறைக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஐந்தாறு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. நான் கொண்டுவந்த பூவை வைத்துவிட்டு நிமிர்ந்தால் ஜெசி வருகிறாள். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போயிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் நின்றாள். போகட்டும் என்று நான் விலகினேன். பிறகு, இன்றைக்குச் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று பட்டது.

"ஜெசி, ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு என்ன வேணா சொல்லு" என்றேன்.

அவள் அங்கேயே நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் நம் இருவரிடமும் சொன்ன அடையாளங்கள், என் கொலுசு, அந்த ஆலங்குடிப் பெண், செவ்வாய்க்கிழமைப் போன், நான் சொன்ன பதில்.

ஜெசி மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "எத்தன மணிக்குப் பேசுனீங்க?"

"ரெண்டு, ரெண்டரை இருக்கும்."

"எங்கிட்ட காலையிலேயே சொன்னாங்க." தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "நான் தைலம் தேச்சு விட்டேன். சாயங்காலமும் தேச்சேன். நல்லா அழுத்தித் தேய்டின்னாங்க. அழுத்தித்தான் தேச்சேன். அவங்க தூங்குற வரைக்கும் தேச்சேன்."

நான் அவள் கைகளைப் பார்த்தேன்.

"அப்பறமா போன்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். தேய்க்கக் கூடாதாம். அப்பாவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஒங்களப் பாத்தா அந்த நேரத்துக்குக் கோவம் வரும். கோவம் வந்தா அது ஞாபகம் வராது." சொல்லிவிட்டு அங்கேயே சிமெண்ட் மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

நானும் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக நான் ஒரு வீட்டிலும் இரண்டு தெரு தள்ளி அவள் ஒரு வீட்டிலும் இதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். அவள் தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நான் டாக்டர்ட்ட கேட்டேன்" என்றேன்.

சட்டென்று திரும்பினாள். "என்ன சொன்னாங்க?"

"தேச்சதாலன்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னாங்க. தானாவே போகுமாம். குளிக்கப் போனாக்கூடப் போகுமாம். ஒங்கம்மா குளிச்சுட்டுத்தானே வந்தா."

"நெசமாவா சொன்னாங்க?"

"ஒங்கம்மா பக்கத்துல உக்காந்துக்கிட்டு நான் பொய் சொல்லுவேனா?"

டாக்டர் சொன்ன இன்னொரு பாதியை அவளிடம் சொல்லவில்லை. அது என்னோடு இருக்கட்டும். இந்தப் பிள்ளை அதை வேறு தூக்க வேண்டாம்.

பிறகு ஜெசி கேட்டாள். "அன்னைக்குப் போன்ல வேற என்ன பேசுனாங்க?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அத்தனை வருஷத்தில் அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர மற்றதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. யோசித்தேன். மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது. நாக்குச் செத்துக் கிடக்கிறது, கருவாட்டுக் குழம்பு வேண்டும் போல இருக்கிறது என்று நீ சொன்னது. பள்ளிக்கூடம் திறந்ததும் பெரிய அண்டாவுக்கு ஈயம் பூசச் சொல்ல வேண்டும் என்றது. உன் வீட்டுக்காரர் ஆவி பிடிக்கிறேன் என்று முகத்தைச் சுட்டுக்கொண்டதைச் சொல்லி நீ சிரித்து இருமியது. "ஜெசி எனக்குத் தலைக்கு ஊத்தி விட்டாடி. சின்னப் புள்ளைக்கி ஊத்துற மாதிரி கண்ணப் பொத்திக்கிட்டு ஊத்துறா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆனா சொகமா இருந்துச்சு" என்று சொன்னது.

கடைசியாக இதைச் சொன்னபோது ஜெசி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அப்புடியா சொன்னாங்க" என்று இரண்டு தடவை கேட்டாள். நான் இரண்டு தடவையும் அதே சொல்லில் சொன்னேன்.

அன்றிலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். பேச ஒன்றும் இருப்பதில்லை. "சாப்பிட்டீங்களா?" என்பாள். "சாப்பிட்டேன், நீ?" என்பேன். வைத்துவிடுவோம். வீட்டுக்கு அவள் வந்ததில்லை, நானும் கூப்பிடவில்லை. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். வெளியூராக இருக்கலாம் என்றாள். போனால் அந்தப் போனும் குறைந்துவிடும், அது இயல்புதான்.

அந்தப் போன் பேச்சு முழுவதும் இப்போது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்றை மட்டும் ஜெசியிடம் சொல்லவில்லை. அது உனக்கும் எனக்கும் உள்ளது. வைக்கப்போகும் நேரத்தில் நீ கேட்டாய், "வீட்டுல தனியா இருக்க ஒனக்குப் பயமா இருக்காடி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். கையில் துணி இருந்தது, முடிக்கிற அவசரம்.

"சரி, அப்ப வைக்கிறேன்" என்றாய்.

பயமாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அன்றைக்கே ஆமாம் என்று சொல்லியிருந்தால் நீ இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருப்பாய்.